உப்புக்கோட்டைக்கு ஒரு போர்வை

மெத்தைக்காரர் வேலை முடிந்து வரும்போது வீட்டுக் கதவு பூட்டியிருக்காது. ஆனால் திறந்தும் இருக்காது. ஒரு கண் மட்டும் தெரிகிற அளவுக்கு இடுக்கு விட்டு, சங்கிலியை மாட்டிவிட்டு, அந்தப் பக்கம் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். வயது பத்து. வீட்டில் முந்திரி என்று கூப்பிடுவார்கள். யார் வாயைத் திறந்தாலும் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நிற்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

"உப்புக்கோட்டையில அது அழுதா ராஜ்யமே போயிடும்," என்றாள் அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரி. "ஏழுநிலா நாட்டுல அது சிரிச்சா திருடன் மாட்டிக்குவான். ரெண்டு இடத்துலயும் அதுக்குக் கால் கிடையாது, ஆனா ஓடும். அது என்ன?"

மெத்தைக்காரர் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் இன்னொரு கையில் காய்கறிப் பையுமாக நின்று தலையைச் சொறியக்கூட வழியில்லாமல் முழித்தார். மீசையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ராணியா?"

"ராணிக்குக் கால் இருக்கு."

"ஆறு?"

"ஆறு சிரிக்குமா?"

"சரி, தெரியல."

"மேகம்! அழுதா மழை, உப்புக்கோட்டை கரைஞ்சு போயிடும். சிரிச்சா மின்னல், இருட்டுல திருடன் மூஞ்சி தெரிஞ்சிடும். படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். சுத்தி வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. பதில் தெரியாதவர் முன்வாசல் வழியாக வரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். தெருவைச் சுற்றி, பின்சந்துக்குள் நுழைந்து, பக்கத்து வீட்டு நாயிடம் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, சமையலறைக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பெரும்பாலும் அவர் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் அவரை வெகுநாள் குழாய் ரிப்பேர்க்காரர் என்றே நினைத்து, தன் வீட்டுக் குழாயையும் ஒருநாள் காட்டிவிட்டாள். இவரும் மறுக்கத் தெரியாமல் அதைச் சரி செய்து கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அப்பேர்ப்பட்ட மனுஷர்.

இந்தச் சட்டத்தை இயற்றியவர் முந்திரியின் அப்பா. அவர் பேருந்து ஓட்டியவர். வண்டியைக் கடைசி நிறுத்தத்தில் போட்டுவிட்டு, அடுத்த நடைக்கு நேரமாகும்வரை ஸ்டியரிங் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பார். எல்லாம் இல்லாத ஊர்களைப் பற்றிய தடித்தடிப் புத்தகங்கள். உப்பால் கட்டிய கோட்டை ஒன்றில். ஏழு நிலா முளைக்கும் நாடு இன்னொன்றில். வீட்டுக்கு வந்து மகளுக்கும் படித்துக் காட்டுவார். பிறகு ஒரு நாள் அவர் வாசலில் நின்று, செருப்பைக் கழற்றாமலே, "அந்த உலகத்துலயும் இருக்கு, இந்த உலகத்துலயும் இருக்கு, அது என்ன?" என்று கேட்டார். அன்றிலிருந்து அது வாசல் புதிர் ஆயிற்று. விடையாக வரும் சொல்லை அழவிடலாம், சிரிக்கவிடலாம், காலை ஒடித்துவிட்டு ஓடவிடலாம். ஆனால் கேட்கிற உலகம் ஒவ்வொன்றும் புத்தகத்தில் இருந்தாக வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. வீட்டு ஆட்கள் கேட்கலாம், பதிலும் சொல்லலாம். விருந்தாளி பதில் மட்டும்தான் சொல்லலாம், கேட்க முடியாது.

அப்பா காய்ச்சலில் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. கேட்க ஆளில்லாமல் புதிர் கிடப்பில் கிடந்தது. மெத்தைக்காரர் அம்மாவைக் கல்யாணம் செய்து வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் முந்திரி மறுபடியும் சங்கிலியை மாட்டினாள். அதை அவர் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார். அது சோதனைச் சாவடி என்று புரிய அவருக்குக் கொஞ்ச நாளாயிற்று.

அவளுடைய அம்மாவுக்கும் அவருக்கும் பழக்கமானது ஒரு மெத்தையால். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள், ஒரு சனிக்கிழமை இரட்டை மெத்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் மெத்தை தைக்கும் பட்டறைக்கு வந்தாள். ஒரு பக்கம் நன்றாகப் பள்ளம் விழுந்திருந்தது. மறுபக்கம் அவ்வளவாக இல்லை. "அந்தப் பள்ளத்தைச் சரி பண்ணிடுங்க," என்று சொன்னவள், அவர் கத்தரிக்கோலை எடுத்ததும், "இல்ல, வேண்டாம், அப்படியே இருக்கட்டும்," என்று அழுதுவிட்டாள். மெத்தைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளத்தைத் தொடாமல், மெத்தைக்கு மேலுறையை மட்டும் மாற்றித் தைத்துக் கொடுத்தார். அவள் பிறகு அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், "எதுவும் கேக்காம இருந்தீங்க பாருங்க, அதுதான்," என்பாள்.

ஆனால் மகளிடம் அந்த ஜபம் பலிக்கவில்லை. அவளிடம் அவர் கேட்டாக வேண்டும். கேட்கிறவர்தான் வீட்டு ஆள். இந்த வீட்டில் அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு இருந்தது, துணி மாட்ட ஆணி இருந்தது, குடும்ப அட்டையில் இடம் இருந்தது. "இப்போ உங்க முறை, நீங்க கேளுங்க" என்று அந்தச் சின்ன வாயிலிருந்து ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. அதற்காக அவர் எவ்வளவு ஏங்கினார் என்பதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நாற்பதைத் தாண்டிய மனுஷர், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்றைக்காவது கேட்கப் போகிற புதிரை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போவார்.

ஒரே ஒரு தடவை மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது.

"உப்புக்கோட்டையில பாயைத் தைக்கும், ஏழுநிலாவுல ராத்திரியில விழுந்த கிழிசலைத் தைக்கும். காது உண்டு, ஆனா கேக்காது."

"ஊசி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். வாழ்நாளெல்லாம் முழ நீள ஊசியோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இது கூடத் தெரியாவிட்டால் எப்படி? சங்கிலி விலகியது. அன்றைக்கு அவர் முன்வாசல் வழியாக, கல்யாண மாப்பிள்ளை போல நிதானமாக உள்ளே போனார்.

"இப்படி ஓசியில எத்தனை நாள் ஜெயிப்பீங்க?" என்றாள் மனைவி, தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே. "அந்தப் புத்தகத்தைத்தான் கொஞ்சம் படிங்களேன்."

அங்கேதான் சிக்கல். மெத்தைக்காரருக்குப் புத்தகம் திறந்தால் கண் மூடிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. போதாக்குறைக்கு அவருடைய வேலை என்ன? பட்டறையின் பின்மூலையில் ஒரு மரமேடை உண்டு. தைத்து முடித்த மெத்தையை அதில் போட்டு, ஒருத்தர் படுத்துப் புரண்டு பார்க்க வேண்டும். எங்கே கட்டி தட்டுகிறது, எங்கே பஞ்சு ஒதுங்குகிறது என்று முதுகால் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முதுகு அவருடையது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, புது மெத்தையில் மல்லாந்து, நெஞ்சின் மேல் உப்புக்கோட்டையைத் திறந்து வைத்துக்கொண்டார்.

மேலே கூரைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கியது. அதில் பஞ்சுத் தூசி மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னறையில் விளிம்பு தைக்கிற மிஷின் ஒரே தாளத்தில் ஓடியது. முதல் பக்கத்தில் கோட்டை கடலோரமாக வெள்ளையாக எழுந்து நின்றது. இரண்டாம் பக்கத்தில் ராணி சுவரை நக்கிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு உப்பு குறைவு என்றாள். மூன்றாம் பக்கத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று சாய்ந்துகொண்டன. மிஷின் சத்தம் கடல் சத்தமாக மாறியது. பிறகு பக்கம் தானாகவே புரண்டது. அவர் வரிகளைப் படித்தாரா, வரிகளுக்குள் நடந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்தபோது புத்தகம் வயிற்றில் கவிழ்ந்து கிடந்தது, நாக்கில் மட்டும் லேசாக உப்புக் கரித்தது.

தினமும் இதேதான். கொஞ்சம் படிப்பார், நிறைய தூங்குவார். ஆனால் கதை நகர்ந்தது. உப்புக்கோட்டையில் குடை தேடிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. ஏழுநிலா நாட்டில் திருடன் ஒவ்வொரு நிலாவாக உருவி மூட்டை கட்டினான். சாயங்காலம் சங்கிலிக்கு முன்னால் நின்றால் பாதிக்கு மேல் பதில் வந்தது. பின்சந்து நாய் அவரை மறக்கத் தொடங்கியது. முந்திரியின் கண்ணில்கூட, கதவு இடுக்கில், ஒரு மாதிரி மரியாதை எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம்தான், கனிந்துவிடும் என்று அவர் மனக்கோட்டை கட்டினார்.

அப்போதுதான் அந்த மழைக்கால மாலை வந்தது.

"உப்புக்கோட்டையில அதைத் தேடிப் போனவங்க திரும்பி வரல. ஏழுநிலாவுல அதைப் பிடிச்சிருந்த காவல்காரன் தூங்கவே இல்ல. ஒத்தைக் கால்ல நிக்கும், மழை வந்தாத்தான் பூக்கும்."

"குடை!"

"சரி," என்று முந்திரி சங்கிலியை எடுத்தாள். சிரித்தும்விட்டாள்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். நேரம் சரியில்லாவிட்டால் நாக்கு சும்மா இருக்குமா? அவள் சிரிப்பைப் பார்த்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"குடை வரலன்னா என்ன போச்சு? அதான் அந்தப் பஞ்சுக்காரன் வந்துட்டானே. கோட்டை முழுக்கப் பஞ்சுப் போர்வையைப் போத்தி, ஒரு சொட்டு உள்ள இறங்காம காப்பாத்திட்டானே! எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது."

முந்திரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"எந்தப் பஞ்சுக்காரன்?"

"கடைசியில வருவானே. முதுகுல மூட்டையோட."

"அப்படி யாரும் வரல."

"வருவான்மா. நான் படிச்சேனே."

அவள் ஓடிப்போய் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். கோட்டை கரைந்துபோகிறது. ராணி கரைந்துபோகிறாள். கடல் கொஞ்சம் கூடுதலாக உப்புக் கரிக்கிறது. அவ்வளவுதான் கதை. பக்கத்தின் ஓரத்தில் வண்டி மசகு அப்பிய கட்டைவிரல் தடம் ஒன்று பதிந்திருந்தது.

மெத்தைக்காரர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பஞ்சும் இல்லை, பஞ்சுக்காரனும் இல்லை. சுவர் சுவராக ஏறி, ஓரத்தை இழுத்து இழுத்துத் தைத்துக்கொண்டிருந்த அந்த ஆளை அவர் கண்ணால் பார்த்தாரே! தையல் எந்த மாதிரி என்றுகூடச் சொல்ல முடியும். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எத்தனை பக்கங்களை இப்படி மூடிய கண்ணால் படித்தோமோ என்று உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

"நான்… தூங்கிட்டேன் போல இருக்கு."

"காதுல பூ சுத்தாதீங்க," என்றாள் முந்திரி. "இதை அப்பா எனக்குப் படிச்சாரு. கோட்டை கரைஞ்சப்போ நான் அழுதேன். அப்பா சொன்னாரு, கரையறது கரையத்தான் செய்யும், அழுதா அழுதுக்கோன்னாரு. அதுக்கப்புறம் அப்பா எதுவும் படிக்கல. நீங்க யாரு அதை மாத்துறதுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பின்சந்தும் கிடையாது.

மறுநாள் அவர் வந்தபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. சங்கிலி சுவரோரம் தொங்கியது. கண் இல்லை, புதிர் இல்லை. தாராளமாகப் போகலாம். மெத்தைக்காரர் வெளியே நின்று அந்தத் திறந்த கதவைப் பார்த்தார். இதைவிட யாராவது முகத்தில் அறைந்திருக்கலாம் என்று தோன்றியது. விருந்தாளிக்குக்கூடப் புதிர் உண்டு. புதிரே இல்லாமல் உள்ளே போகிறவன் யார்? பால்காரனா, மின்கணக்கு எடுக்க வருகிறவனா? அவர் திரும்பி, தெருவைச் சுற்றி, நாயிடம் இரண்டு குரைப்பு வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கமாக வந்தார்.

"கதவுதான் திறந்திருக்கே," என்றாள் மனைவி.

"இருக்கட்டும்."

"அவ சின்னப் பொண்ணுங்க. கோபம் ஆறிடும்."

"அவ கோபம் நியாயம்தான். நான் பொய் சொல்லல, ஆனா உண்மையும் சொல்லல. தூக்கத்துல எது யாரோடதுன்னு தெரியாம எடுத்துட்டேன்."

அதற்குப் பிறகு அவர் தினமும் பின்பக்கமாகவே வந்தார். யாரும் சுற்றி வரச் சொல்லவில்லை. முந்திரி கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள், நாய் குரைத்ததும் பென்சில் ஒரு நொடி நிற்கும், அவ்வளவுதான். பட்டறையிலும் அவர் புத்தகத்தைத் தொடவில்லை. மெத்தையில் படுத்தால் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுமுறை. பல் ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. வேறு வழியில்லாமல் அம்மா மகளைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். முந்திரி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்தாள். இந்தத் தடவை மெத்தைக்காரர் நாக்கைப் பல்லுக்கிடையில் பிடித்து வைத்திருந்தார். பஞ்சைப் பிரித்து, தட்டி, உறைக்குள் திணித்து, நீள ஊசியால் மெத்தையின் மேலிருந்து கீழாக நூலை இழுத்துப் பொத்தான் கட்டினார். வெயில் இறங்கியது. பஞ்சுத் தூசி அவளுடைய தலைமுடியில் போய் உட்கார்ந்தது. அவள் தட்டிவிடவில்லை.

வெகுநேரம் கழித்து ஸ்டூலிலிருந்து குரல் வந்தது.

"பஞ்சு நனைஞ்சா கனமாயிடாதா?"

"ஆயிடும்," என்றார், தலை நிமிராமல்.

"அப்போ போர்வை கோட்டையை அமுக்கிடுமே. உப்பு உடைஞ்சிடும்."

மெத்தைக்காரர் ஊசியை மெத்தையில் குத்தி நிறுத்தினார். இது தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. இதற்கு அவர் தூக்கத்திலும் சரியாகப் பதில் சொல்வார்.

"அதனாலதான் ஒரே போர்வையா போடக் கூடாது. சின்னச் சின்னதா தைக்கணும். மேல இருக்கறது நனைஞ்சதும் உருவிட்டு, காஞ்சதை அந்த இடத்துல வைக்கணும். நனைஞ்சதைப் பிழிஞ்சு வெயில்ல போடணும். அது காயறதுக்குள்ள அடுத்தது நனைஞ்சிடும். சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கணும்."

"தினமுமா?"

"மழை பெய்யற வரைக்கும் தினமும்தான். அவனுக்கு லீவே கிடையாது."

"வெயில் இல்லாத நாள்ல?"

"அவனே போத்திக்கிட்டுப் படுத்துடுவான். உடம்புச் சூட்டுல கொஞ்சம் காயும்."

முந்திரி இதை யோசித்தாள். எழுந்து வந்து மரமேடையில் கிடந்த மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஏறிப் படுத்துக்கொண்டாள். அவர் போல மல்லாந்துதான்.

"அவன் எப்படி இருப்பான்?"

"முகம் தெரியல. முதுகுதான் தெரிஞ்சது. பெரிய முதுகு."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கூரைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கும் அப்பாவோட முதுகுதான் நல்லா ஞாபகம் இருக்கு. லீவு நாள்ல பஸ்ல கூட்டிட்டுப் போவாரு. நான் பின்னாடி சீட்டுல உக்காந்து முதுகையே பாத்துட்டு இருப்பேன். முகம் போட்டோவுல பாத்தாத்தான் வருது. யார்கிட்டயும் சொல்லல."

எதுவும் கேட்காமல் இருப்பதுதான் மெத்தைக்காரருக்குத் தெரிந்த ஒரே வித்தை. மேடையின் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு சீரானது. அவருக்கும் கண் சொருகியது. கடல் சத்தம் வந்தது. எங்கோ ஏழு நிலாவில் ஒன்று பட்டறைக் கூரைமேல் இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெரிய முதுகுக்காரன் ஒருவன் திரும்பிப் பார்க்காமல் ஒரு ஈரப் போர்வையைப் பின்பக்கமாக நீட்டினான். இவர் வாங்கிக்கொண்டு காய்ந்த ஒன்றைக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் வானம் இருண்டு கிடந்தது. பழக்கதோஷத்தில் பின்சந்துக்குத் திரும்பப் போனவர், வீட்டு முன்கதவைப் பார்த்து நின்றார். கதவு திறந்து கிடக்கவில்லை. இடுக்கு விட்டிருந்தது. சங்கிலி மாட்டியிருந்தது. கண் இருந்தது.

அவர் பக்கத்தில் போய், பையைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு விடாமல் நின்றார்.

"உப்புக்கோட்டையில எல்லாம் கரைஞ்சப்புறம் கடைசியா கரைஞ்சது அது. ஏழுநிலாவுல திருடன் எல்லாத்தையும் திருடினான், அதை மட்டும் விட்டுட்டான், அதையும் எடுத்தா வெளிய போக முடியாதே." கண் ஒரு தடவை சிமிட்டியது. "பஞ்சுக்கோட்டையில ஒருத்தன் அதுலயே படுத்துக் கிடக்கான். உள்ள இருக்கறவங்களுக்கு அது வெளிய. வெளிய இருக்கறவங்களுக்கு அது உள்ள. அது என்ன?"

பதில் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அதில்தானே இத்தனை நாளாக நின்றுகொண்டிருக்கிறார். ஆனால் மூன்றாவது பெயர் காதில் சிக்கிக்கொண்டது.

"பஞ்சுக்கோட்டை… அது புத்தகத்துல இல்லையே?"

"ரூல் மாத்தியாச்சு. ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா கனவு. ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா உலகம்தான். பதில் சொல்லுங்க."

"வாசல்," என்றார் மெத்தைக்காரர்.

சங்கிலி விலகியது. அவர் செருப்பைக் கழற்றி உள்ளே காலெடுத்து வைத்தார். முந்திரி அவரைத் தாண்டி வெளியே போனாள். போய், அவருடைய செருப்புக்குள்ளேயே தன் சின்னக் கால்களை நுழைத்துக்கொண்டு, சற்றுமுன் அவர் நின்ற இடத்தில் நின்றாள்.

"எங்க போற?"

"கேக்கறவங்க உள்ள நிக்கணும், பதில் சொல்றவங்க வெளிய நிக்கணும். இது கூடத் தெரியாதா? இப்போ உங்க முறை. கேளுங்க."

எத்தனை நாள் பேருந்தில் ஒத்திகை பார்த்த புதிர்கள்! அத்தனையும் பஞ்சாகப் பறந்துவிட்டன. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மெத்தைக்காரர் அசடு வழிந்தார்.

"கொஞ்சம் தூங்கி எழுந்துட்டு வந்து கேக்கட்டுமா?"

சமையலறைக்குள் பாத்திரம் கீழே விழுகிற சத்தமும் மனைவி சிரிக்கிற சத்தமும் சேர்ந்து வந்தன.

"முடியாது. சீக்கிரம்," என்றாள் முந்திரி. முதல் தூறல் அவள் நெற்றியில் விழுந்தது. "மழை வருது. நான் கரைஞ்சிடுவேன்."

மெத்தைக்காரர் அவசர அவசரமாகத் தான் மேலே போட்டிருந்த வேலைக் கோட்டைக் கழற்றினார். அதில் பஞ்சு அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. கதவுக்கு உள்ளே நின்றபடியே இரண்டு கையையும் நீட்டி அதை அவள் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, தன் முதல் புதிரைக் கேட்க ஆரம்பித்தார்.